கையொப்பத்துக்கு முன்னால்

கல்லூரி மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வலைப்பந்துக் குழுவைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் எழுத ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கல்லூரி வாசலைத் தாண்டிக் கொஞ்சம் அப்பால் போகிறேன். எண்பதுகளின் தொடக்கம், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியின் உயிரிரசாயன ஆய்வுகூடம். உயர்தரம் முடித்துவிட்டு நாங்கள் சிலர் அங்கே பயிற்சி மாணவிகளாக நின்றோம்.

குழாயியும் அளவியும் பிடிக்கக் கல்லூரியிலேயே பழகியிருந்தோம். ஆனால் ஒருவருடைய சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரை, வாயால் உறிஞ்சி அளப்பது வேறு விஷயம். அப்போது அதுதான் வழக்கம். குளுக்கோசு பார்க்க ஓதோ-தொலுயிடீன் முறை. செறிந்த அசற்றிக்கமிலத்தில் கரைத்த அந்தக் கரைசலைச் சீரத்தோடு கலந்து கொதிநீரில் வைத்தால் பச்சை நிறம் வரும். குளிரவைத்து, நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலறிமீற்றரில் 630 நனோமீற்றர் ஒளியில் பார்ப்போம். வீட்டுக்குப் போனால் சட்டையிலும் தலைமயிரிலும் வினாகிரி மணம். தொலுயிடீன் சிறுநீர்ப்பையில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆகவே "அந்தக் காலத்து வேலை மாதிரி வராது" என்று யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன். அந்த வேலை போனது நல்லது.

அங்கே நல்லதாக இருந்தது எங்களுக்குப் பொறுப்பாக நின்ற சேர். எங்கள் முடிவு எதுவும் அவருடைய கையொப்பமில்லாமல் வார்டுக்குப் போகாது. எங்கள் கணக்கை அவர் பெரும்பாலும் திருப்பிப் பார்ப்பதில்லை. போத்தலைத்தான் எடுத்துப் பார்ப்பார். சீரம் சிவந்திருந்தால், செங்குழியம் உடைந்து உள்ளிருந்த பொற்றாசியம் கசிந்திருக்கிறது, அதை எழுதாதே என்பார். அளவு முன்கூட்டியே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியில் எங்களுக்கு வந்த பெறுமானத்தைத் தினமும் பென்சிலால் வரைபில் குறிக்க வேண்டும். 1950இல் லெவி, ஜெனிங்ஸ் இருவரும் மருத்துவ ஆய்வுகூடங்களுக்குக் கொண்டுவந்த வரைபு அது. சராசரிக்கு இரு பக்கமும் இரண்டு நியம விலகலைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். உள்ளே வரும்வரை திருப்பித் திருப்பிச் செய்து, வந்த பிறகு குறிப்பது அவருக்குக் கண்ணிலும் காட்டக்கூடாத வேலை.

ஒருநாள் பின்னேரம் வெளிக் கிளினிக் ஒன்றிலிருந்து வந்த மாதிரி. வெறும்வயிற்றுக் குளுக்கோசு 56 மி.கி. என்று என் தோழி எழுதிக் கொண்டுபோய் நீட்டினாள். சேர் பேனையை எடுக்கவில்லை.

"பிள்ளை, இந்த மனுசன் நடந்தோ வந்தவர், தூக்கிக்கொண்டோ வந்தவை?"

ஆளை யார் கண்டது? துண்டில் நேரம் மட்டும் இருந்தது, காலை ஏழரை. போத்தல், குளுக்கோசு குறையாமல் காக்கும் புளோரைட்டுப் போத்தலும் இல்லை, வெறும் போத்தல். இரத்தம் எடுத்த பிறகும் அதிலுள்ள குழியங்கள் குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பநிலையில் மணிக்கு ஐந்து முதல் ஏழு வீதம் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு; யாழ்ப்பாண வெயிலில் பஸ்ஸில் வந்த போத்தலுக்கு அதைவிடக் கூட. "இந்த 56ஐப் பார்த்துவிட்டு டொக்டர் நீரிழிவுக் குளிசையைக் குறைப்பார். பிறகு?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துண்டைத் திருப்பித் தந்தார். அடுத்த நாள் புளோரைட்டுப் போத்தலில் எடுத்த இரத்தத்தில் 112.

இங்கிலாந்துக்கு வந்த பிறகு எத்தனையோ இயந்திரங்களைப் பார்த்துவிட்டேன். இப்போது என்னிடம் பல்கலைக்கழக மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். உயிர்மருத்துவ விஞ்ஞானிகளின் நிறுவனமான ஐபிஎம்எஸ்ஸின் பயிற்சிக் கோப்பை நிரப்பி, வெளியிலிருந்து வரும் சரிபார்ப்பவரிடம் காட்டித்தான் அவர்கள் எச்சிபிசி என்ற சுகாதாரத் தொழிலர் பதிவுச் சபையில் பதியலாம். கோப்பு நல்ல ஏற்பாடுதான், ஆனால் பிள்ளைகள் சிலர் பக்கம் நிரப்புவதையே பயிற்சி என்று நினைத்துவிடுகிறார்கள். மாதிரியை இயந்திரமே எடுத்து, அளந்து, திரையில் எண்ணைப் போடுவதால் குழாயைக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கமும் குறைந்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவி பதறிக்கொண்டு வந்தாள். பொற்றாசியம் 8.4. இதயம் நின்றுவிடக்கூடிய அளவு. உடனே வார்டுக்குச் சொல்ல வேண்டும் என்றாள். சரி, சொல்வோம், அதற்கு முன் கல்சியம் எவ்வளவு என்று பார் என்றேன். 1.1. சாதாரணமாக 2.2க்குக் கீழே போகக்கூடாது. அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊதா மூடிக் குழாயில் இருப்பது, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏயின் பொற்றாசிய உப்பு. அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். யாரோ அந்தக் குழாயில் எடுத்த இரத்தத்தில் கொஞ்சத்தை மற்றக் குழாய்க்குள் ஊற்றியிருக்கிறார்கள். அவளே வார்டுக்கு அழைத்து, நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டு, புதிய மாதிரி உடனே அனுப்பச் சொன்னாள். அதில் பொற்றாசியம் 4.3.

அந்தப் பக்கத்தை அவள் கோப்பில் சேர்த்தாள். சரிபார்க்க வந்தவர் மற்றப் பக்கங்களை மளமளவென்று புரட்டிவிட்டு, அரைமணி நேரம் அதைப் பற்றியே அவளிடம் கேள்வி கேட்டார்.