சோயா வாடினால் முதலில் தண்டை உரித்துப் பாருங்கள்

போன சிறுபோகத்தில், அதாவது மழை குறைந்த வெயில்காலப் போகத்தில், திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் எங்கள் வயலை ஒட்டின மேட்டுத்துண்டிலும் அதற்குக் கீழே உள்ள பள்ளத்துண்டிலும் சோயா போட்டோம். பூத்துக் காய் பிடிக்கும்வரை நல்லாத்தான் நின்றது. பிறகு வறண்ட கச்சான் காற்று விடாமல் அடித்த ஒரு கிழமைக்குள் மேட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகள் வாடத் தொடங்கி, அடுத்த கிழமை பாய் விரித்த மாதிரித் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிட்டது. முற்றின சோயா என்றால் இலையைக் கொட்டிவிடும். இது கொட்டவில்லை, செத்த இலை காம்போடு அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது.

நான் நேரே மருந்துக்கடைக்கு ஓடினேன். பங்கசு என்றார்கள், மாங்கோசெப் தந்தார்கள், அடித்தேன். கேட்கவில்லை என்று திரும்பப் போனால் வேறொன்றைத் தந்தார்கள், அதையும் அடித்தேன். காசு போனதுதான் மிச்சம்.

கடைசியில் விவசாயப் போதனாசிரியர் வந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கி, அடித்தண்டின் தோலை நகத்தால் உரித்துக் காட்டினார். உள்ளே சாம்பல் நிறம், அதன்மேல் மிளகை இடித்துத் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். ஆணிவேரைப் பிளந்தால் அங்கேயும் அதே கறுப்பு. “தம்பி, இது கரியழுகல். மேலால என்னத்தை அடிச்சும் வேலையில்லை” என்றார்.

அவர் சொன்னதை நானும் பிறகு தேடி வாசித்தேன். மக்ரோபோமினா என்ற இந்தப் பங்கசு மண்ணில் இருந்து, செடி குஞ்சாக இருக்கும்போதே வேருக்குள் போய்விடுகிறது. போய்ச் சும்மா கிடக்கும். பூக்கும் காலத்திலும் காய் நிரம்பும் காலத்திலும் செடிக்குத் தண்ணீர் காணாமல், 28 முதல் 35 பாகை வரை சூடும் சேர்ந்துவிட்டால், தண்ணீர் ஏறுகிற குழாய்களை அடைத்துவிடும். நம்முடைய சிறுபோகத்துக்கு அளவெடுத்துத் தைத்த நோய் இது. இலையில் அடிக்கிற மருந்து வேருக்குள் இருப்பதை எப்படித் தொடும்?

அந்தக் கறுப்புப் புள்ளிகள்தான் பங்கசுக்கு வித்து மாதிரி. காய்ந்த மண்ணில் வருடக்கணக்காக உயிரோடு கிடக்கும். 500க்கும் மேற்பட்ட செடிவகைகளில் இது வரும், எள்ளு, பயறு, கௌபி, கச்சான் என்கிற நிலக்கடலை எல்லாம் அதில் அடக்கம். எங்கள் மேட்டுத்துண்டில் அதற்கு முதல் நின்றது எள்ளு! பள்ளத்துண்டில் பெரும்போகம் முழுக்க நெல்லும் தண்ணீருமாக நின்றது, அங்கே சோயா கிட்டத்தட்ட ஒன்றும் சாகவில்லை. மூன்று நாலு கிழமை தண்ணீர் தேங்கி நின்றாலே இந்த வித்துகளில் பெரும்பகுதி அழுகிப்போகும். நெல்லுக்குப் பிறகு சோயா என்பதை நான் இனி விடமாட்டேன்.

ஃபோனில் சோயா நோய் என்று தேடினால் பெரும்பாலும் துரு நோய்தான் வருகிறது. 2001இல் பிரேசிலுக்குள் வந்து, வருடத்தில் குறிப்பிட்ட காலம் வயலில் ஒரு சோயாச் செடியும் நிற்கக்கூடாது என்று சட்டம் போடும் அளவுக்கு அவர்களைப் படுத்தின நோய் அது. ஆனால் துருவுக்கு இலை மணிக்கணக்காக ஈரமாக இருக்கவேண்டும். பெரும்போக மழையில் சோயா போட்டிருந்தால் கீழ் இலைகளைத் திருப்பி அடிப்பக்கத்தில் பழுப்புத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கு நேரத்தோடு அடித்தால் மருந்து உதவும். கச்சான் காற்றில் காய்கிற செடிக்கு துரு நோய் வீடியோவைப் பார்த்து மருந்தடிக்காதீர்கள்.

இந்த முறை ஐதாக விதைத்திருக்கிறேன், நெருக்கி நின்றால் இருக்கிற தண்ணீருக்கும் அடிபடும். பூ வந்ததிலிருந்து காய் நிரம்பும்வரை ஒரு தண்ணீர்கூடத் தவறக்கூடாது என்று மோட்டரையும் இப்பவே திருத்தி வைத்தாயிற்று. நோய் வந்த துண்டில் அம்மா விதைக்கென்று எடுத்து வைத்திருந்த சோயாவை மட்டும் விதைக்கவில்லை. அந்தப் பங்கசு விதையோடும் வரும் என்று சொல்லிச் சொல்லி அவவைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் போனது.