தேய்ந்த குழல் என்று நினைத்தேன்: என் முதல் கைத்துப்பாக்கி

கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் இந்த ஆசைக்கு இடம் கொடுத்தேன். அதற்கு முன் ஒன்பது வருடம் ஹூஸ்டனில் ஹெச்-1பி விசாவில் இருந்தேன். அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் எடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு என்று நண்பர்கள் சொல்வார்கள். விசா விஷயத்தில் அந்த மாதிரி ஓரங்களில் நடக்க எனக்கு மனமில்லை. அவர்கள் சுடுதளத்துக்குக் கூப்பிட்டபோதெல்லாம் மறுத்துவிட்டேன்.

நான் வளர்ந்தது கோவை கணபதியில், அப்பாவின் லேத் பட்டறையில். ஊரில் நான் பார்த்த ஒரே துப்பாக்கி, வங்கி வாசலில் நிற்கும் முன்னாள் ராணுவக்காரர் கையிலிருந்த இரட்டைக்குழல்தான். எனக்குச் சுடுவதைவிட, எஃகைக் கடைந்து செய்த ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் ஆர்வம். இன்றைய பாலிமர், அதாவது பிளாஸ்டிக் உடல் கொண்ட பிஸ்டல்கள் நல்லவைதான், மலிவாகவும் கிடைக்கின்றன. ஆனால் முழு இரும்பில் செய்தது ஒன்று வேண்டும், 400 டாலரைத் தாண்டவும் கூடாது. அப்படித் தேடினால் போய் நிற்கும் இடம் ராணுவக் கழிவு, அதாவது ஒரு நாட்டுப் படையோ போலீஸோ தூக்கிப் போட்டதை இறக்குமதி செய்து விற்பது.

முதலில் மனம் போனது டோக்கரேவ் மேல். ஃபியோடர் டோக்கரேவ் வடிவமைத்த சோவியத் பிஸ்டல், அதை ருமேனியா 1950களில் செய்த வடிவம். ஒல்லியாக, தட்டையாக, அழகாக இருக்கும். ஒரு துப்பாக்கிச் சந்தையில் எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு சேஃப்டி, தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு, ஒட்டவைத்தது போல் துருத்திக்கொண்டிருந்தது. மூல வடிவத்தில் அது கிடையாது. 1968ஆம் ஆண்டு அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இறக்குமதி நிபந்தனைகளுக்காகப் பின்னால் சேர்த்தது. விற்பவர் "அருமையான கண்டிஷன்" என்றார். குழலுக்குள் எண்ணெய் தாராளமாக விட்டிருந்தது. துடைத்துக் காட்டச் சொன்னேன், முகம் சுளித்தார். என் கைக்குட்டையின் ஓரத்தைத் திரித்து உள்ளே விட்டு எடுத்து, மொபைல் விளக்கில் பார்த்தால், அம்மை வடு போலக் குழி குழியாகத் துரு தின்ற தடம். பேசாமல் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

அது நல்லதாகவே இருந்திருந்தாலும் எனக்குச் சரிவந்திருக்காது. டோக்கரேவுக்கான 7.62×25 தோட்டா (முதல் எண் ஏறத்தாழ குண்டின் விட்டம், அடுத்தது உறையின் நீளம், மில்லிமீட்டரில்) இப்போது மலிவாகக் கிடைப்பதில்லை. பழைய ராணுவத் தோட்டா எங்காவது கிடைத்தாலும் அதன் பிரைமரில், அதாவது அடியில் உள்ள பற்றவைக்கும் மருந்தில், அரிக்கும் உப்பு இருக்கும். சுட்ட அன்றே வெந்நீரில் கழுவித் துடைக்காவிட்டால் துரு ஏறும், அதுவும் ஹூஸ்டன் ஈரக்காற்றில். புதிதாகப் பழகுகிறவன் நிறையச் சுட வேண்டும். ஆகவே முதல் கேள்வியே தோட்டா விலைதான் என்பது என் முடிவு. துப்பாக்கியை ஒருமுறை வாங்குகிறோம், தோட்டாவை மாதாமாதம் வாங்குகிறோம்.

பழைய ரஷ்ய நகான்ட் ரிவால்வரைத் தொட்ட உடனே வைத்துவிட்டேன். ட்ரிகரை இழுக்க விரல் நொந்துவிடும். போலந்தின் பி-64 சின்னது, முதல் இழுப்பு அதிலும் கடினம், கையை நன்றாக உதைக்கும். ஸ்பெயினின் ஸ்டார் பி.எம் உண்மையிலேயே ஆசை காட்டியது. ஸ்பெயின் சிவில் காவல் படை வைத்திருந்தது, எங்கும் கிடைக்கும் 9×19 தோட்டாவையே சுடும். ஆனால் ஸ்டார் நிறுவனம் 1997இல் மூடிவிட்டது. தோட்டா இல்லாமல் வெறுமனே தட்டிப் பழகினால் ஃபயரிங் பின், அதாவது தோட்டாவின் அடியில் குத்தும் ஊசி, உடைந்துபோகும் என்று அதை வைத்திருக்கும் இரண்டு பேர் எச்சரித்தார்கள். வீட்டில் தோட்டா இல்லாமல் ட்ரிகர் பழகுவதுதான் என் திட்டமே.

கடைசியில் நின்றது செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட்-82. 1983 முதல் அந்த நாட்டுப் படையில் இருந்தது. மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், 12 தோட்டா பிடிக்கும். சேஃப்டியும் மேகசின் பொத்தானும் இரண்டு பக்கமும் உண்டு. 9×18 மக்காரோவ் தோட்டா, சாதாரண 9×19ஐவிட ஒரு பெட்டிக்கு ஏறக்குறையப் பாதி விலை கூடுதல். பெயரில் இரண்டுமே 9 என்றாலும் மக்காரோவ் குண்டு சற்றே தடிமன், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது. இந்தக் கூடுதல் செலவு எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் புதிதாகச் செய்த, அரிக்காத தோட்டா கிடைக்கிறதே என்று சமாதானமானேன்.

வீட்டுப் பக்கத்துக் கடையில் மூன்று இருந்தன. மூன்றிலும் கறுப்புப் பெயின்ட் பெயர்ந்து சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. அது பரவாயில்லை, பெயின்ட் சுடாது. முதல் துப்பாக்கியின் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். வழவழ என்று இருந்தது. குண்டைச் சுழலவைக்கும் முறுக்கு வரிகளே இல்லை! ஒரு படையே சுட்டுச் சுட்டுத் தேய்த்துவிட்டதோ என்று அடுத்ததைப் பார்த்தேன், அதுவும் அப்படியே. கடைக்காரர் வயதானவர், பொறுமையாக ஒரு காகிதத் துண்டை உள்ளே வைத்து வெளிச்சம் திரும்பும்படி பிடித்தார். "மெதுவாகச் சுழற்றிப் பார்" என்றார். அப்போதுதான் தெரிந்தது. கூர்மையான பள்ளங்களுக்குப் பதிலாக, உள்சுவரே பலகோணமாக முறுக்கிக்கொண்டு போகிறது, மேலே குரோமியப் பூச்சு. கரும்புச்சாற்றுக் கடையில் பளபளக்கும் உருளை மாதிரி ஒரு மினுமினுப்பு. தேய்மானம் இல்லை, அந்தக் குழலின் வடிவமே அப்படி.

மூன்றில் ஒன்றில் ஹேமரை, அதாவது பின்னால் உள்ள சுத்தியலை, ஏற்றிவிட்டுக் கட்டைவிரலால் பின்னிருந்து தள்ளியபோது லேசாக நழுவப் பார்த்தது. அதை ஒதுக்கினேன். இன்னொன்றில் மேகசின் தளர்வு. மூன்றாவதில் எல்லாம் சரி, ஸ்லைடின், அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தின், உள்தடத்தில் பிசிறு இல்லை, விரிசல் இல்லை. 300 டாலருக்குச் சற்றுக் குறைவு.

அப்புறம் படிவம் 4473, துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்ப வேண்டிய கூட்டரசுப் படிவம். நம் பெயர்களுக்கு இது ஒரு சோதனைதான். நடுப்பெயர் இல்லாதவர் என்.எம்.என் என்று எழுத வேண்டும். வெறும் இன்ஷியல் மட்டும் உள்ளவர் அதன் அருகில் ஐ.ஓ என்று எழுத வேண்டும். குடியுரிமை எந்த நாடு, கிரீன் கார்டு எண் என்ன, வாங்குவது எனக்கேதானா என்று வரிசையாகக் கேள்வி. அடையாள அட்டையில் உள்ளபடியே ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்து எழுதினேன். எஃப்.பி.ஐயின் பின்னணிச் சோதனை "தாமதம்" என்று வந்தது. மனசு திக்கென்றது. கடைக்காரர் பதறவே இல்லை. பெயரும் பிறந்த தேதியும் வேறு யாருடனாவது ஒத்துப்போனால் இப்படி ஆகும், மூன்று வேலைநாள் காத்திருப்போம் என்றார். இரண்டாம் நாளே அனுமதி வந்துவிட்டது.

வீட்டில் முதன்முறை பிரித்தேன். மேகசினை எடுத்து, குழலின் பின்னால் உள்ள தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்தேன். பிறகு ட்ரிகரைச் சுற்றியுள்ள காவல் வளையத்தைக் கீழே இழுத்து, ஸ்லைடைப் பின்னே இழுத்துத் தூக்கினால் கழன்று வருகிறது. குழல் துப்பாக்கியின் உடலோடு அசையாமல் நிற்க, அதைச் சுற்றி ஒரே ஸ்பிரிங். 86 என்று வருட முத்திரை. அடுத்த மூன்று வருடத்தில் அந்த நாட்டு மக்கள் தெருவில் இறங்கி ஆட்சியை மாற்றினார்கள், 1993இல் நாடே இரண்டாகிவிட்டது. அதன் ராணுவத்துக்குச் செய்த பொருள் என் மேசையில் கிடந்தது.

அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். துப்பாக்கி வாங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. "குழந்தை இருக்கற வீட்ல எதுக்கு கண்ணு இது?" என்றார். பூட்டுப் பெட்டியையும், சாவி என் இடுப்பிலேயே இருப்பதையும் காட்டினேன். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைத்தால் பெற்றவர்மேல் வழக்கு வரும், சட்டமே இல்லாவிட்டாலும் நான் அப்படி வைக்கமாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ஸ்லைடைத் திருப்பு, மில்லிங் தடம் தெரியுது பாரு, கையில பிசிறு எடுத்திருக்கான்" என்றார்.

பழைய ஸ்பிரிங்கைப் புதிதோடு பக்கத்தில் வைத்தபோது இரண்டு சுற்று குட்டையாக இருந்தது. இருபது டாலருக்கும் குறைவான அந்தச் செலவைத் தள்ளிப்போடவே கூடாது. சாதாரண பிஸ்டல் வகுப்பு ஒன்றை முடித்துவிட்டுத்தான் சுடுதளத்துக்குப் போனேன். ஏழு கெஜ தூரத்தில் முதல் ஐந்து குண்டும் காகிதத்தில் இடப்பக்கம் கீழே போயின. என் விரல்தான் இழுக்கிறது என்று பயிற்சியாளர் சொன்னார்.

இதுவரை 600 குண்டு சுட்டிருக்கிறேன். நான்கு முறை சிக்கியது, நான்கும் ஒரே மேகசினில். அதன் அடியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு குறுக்குக் கோடு போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். அதற்குப் புது ஸ்பிரிங் தேடிக்கொண்டிருக்கிறேன்.