பிரப்பன்வலசையில் துடுப்பு போட்ட காலை

ஜூலையில் கடலுக்குப் போகிறோம் என்றதும் அம்மா முகம் மாறிவிட்டது. "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, நீங்க பிளாஸ்டிக் படகுல போறீங்களா?" அம்மா சொன்னது தென்கடலுக்குச் சரி. ராமநாதபுரத்திலிருந்து நிலம் கிழக்கே நீண்டு ஒடுங்கி மண்டபத்தில் முடிகிறது. அதற்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. அந்தப் பக்கத்து மீனவர்கள் தெற்கை ஆண் கடல் என்பார்கள், வடக்கைப் பெண் கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண் கடல் கொந்தளிக்கும், பெண் கடல் நிலத்தின் மறைவில் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று தொடங்கினால் கதை மாறிவிடும்.

நானும் என் கல்லூரித் தோழியும் முந்தின நாள் மாலையே மதுரையிலிருந்து கிளம்பிவிட்டோம். காலை ஆறரைக்கு, பெண் கடல் பக்கம் இருக்கும் பிரப்பன்வலசைக் கரையில் நின்றபோது அலை என்று ஒன்று இல்லவே இல்லை. தண்ணீர் கரையை நக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டு பேர் உட்காரும் கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகு ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். கூட வந்த தம்பி தனியாக ஒன்றில் ஏறிக்கொண்டான். அந்த ஊர் மீனவக் குடும்பத்துப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். உயிர்காப்பு உடுப்பின் வார்களை அவனே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களைத் தள்ளிவிட்டான்.

முதல் கால் மணி நேரம் தோள்தான் வலித்தது. "கையால இழுக்காதீங்கக்கா, இடுப்பத் திருப்புங்க. காலை நல்லா ஊனிக்கங்க" என்றான். அதைச் செய்ததும் படகு வேறு மாதிரி போனது. துடுப்பை முன்னால் குத்தி, உடம்பைத் திருப்பினால் போதும், கை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தது. முன்னால் இருப்பவள் தாளம் போட வேண்டும், பின்னால் இருப்பவள் அதற்குச் சேர்ந்து போட்டுக்கொண்டே திசை பார்க்க வேண்டும். அவள் முன்னால், நான் பின்னால்.

கரையிலிருந்து பார்த்தால் கருப்புத் திட்டாகத் தெரிந்த இடத்துக்கு மேலே போனதும் அவள், "ஏய், நிறுத்துடி, கீழே பாரு" என்றாள். கடல்புல். இடுப்பளவு தண்ணீரில் ஒரு வயல். நாடா மாதிரி நீண்ட இலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். இலை நுனிகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்த மாதிரி இருந்தது. நடுவே மணல் தெரிந்த இடத்தில் கடல் அட்டை ஒன்று அசையாமல் கிடந்தது. 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை. தம்பி துடுப்பை மடியில் வைத்துவிட்டு, இந்தப் புல்லைத்தான் ஆவுளியா மேயும் என்றான். கடல்பசுவை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அவன் அப்பா வலையில் ஒரு தடவை சிக்கி, வலையை அறுத்து விட்டார்களாம். அவன் இன்னும் உயிரோடு ஒன்றைப் பார்த்ததில்லை. இதே விரிகுடாவின் வட பகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம், 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுக்களுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு எண்ணாகத்தான் இருந்தது. அந்தப் புல்லின் மேல் மிதந்தபோதுதான் எதைக் காப்பாற்றுகிறார்கள் என்று புரிந்தது.

போகப் போக எளிதாக இருந்தது. அதுதான் தப்பு. தென்மேற்குக் காற்று அந்தக் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கரையோரம் மரங்கள் மறைத்துக்கொள்வதால் காற்றே இல்லாத மாதிரி இருக்கும், தள்ளிப் போகப் போக முதுகில் கை வைத்துத் தள்ளும். நாங்கள் நன்றாகத் துடுப்பு போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டோம். தம்பி இரண்டு தடவை திரும்பலாம் என்றான், நாங்கள்தான் "இன்னும் கொஞ்சம்" என்றோம். தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்து நண்டு வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "திரும்புங்க தாயி, காத்து ஏறுது" என்றார். அப்போது மணி எட்டு.

திரும்பியதும் முகத்தில் அறைந்தது. சின்னச் சின்ன அலைகள் படகின் மூக்கில் மோதித் தெறித்தன. ஐந்து நிமிடம் ஓய்வெடுக்கலாம் என்று நிறுத்தினால் படகு பின்னால் போனது. தம்பி பக்கத்தில் வந்து, "நிறுத்தாதீங்க, சின்னதா போடுங்க. அந்தப் பனையையும் பின்னாடி தண்ணித் தொட்டியையும் பாருங்க, ரெண்டும் ஒரே நேர்ல இருக்கணும்" என்றான். பனை தொட்டிக்கு இடது பக்கம் விலகினால் நாங்கள் வலப்பக்கம் அடித்துக்கொண்டு போகிறோம் என்று அர்த்தம். அதன் பிறகு கடலையே பார்க்கவில்லை. பனை, தொட்டி, பனை, தொட்டி. அவள் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். குரல் கம்மியது, எண்ணிக்கை நிற்கவில்லை. எனக்குப் பயம் வந்தது, அந்தக் குரல் இருந்ததால் கை ஓய்ந்துவிடவில்லை. முக்கால் மணி நேரத்தில் போன தூரத்துக்குத் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது.

மணலில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கப் பார்த்தேன், விரல் மடங்கவில்லை. அவளுக்கும் முடியவில்லை. தம்பி திறந்து கொடுத்தான். அரை மணி கழித்து அந்தப் பெரியவர் மிதவையைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். கையில் பையில் நண்டு கீறிக்கொண்டிருந்தது. "வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, நிற்காமல் ஊருக்குள் நடந்தார்.