புதிய மேப்புகளுக்காக ஒரு கோடைக்கால லீக்: ஆறு வாரங்களில் நான் பட்ட பாடு

டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்னும் சுடும் கணினி ஆட்டத்தின் ஆறுக்கு ஆறு போட்டிகளில் ஒரு புதிய மேப் (ஆட்டக்களம்) இடம்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது அதை ஆடுபவர்கள் அனைவருக்கும் தெரியும். ஆட்டம் வெளியான ஆண்டு 2007. 2011-இல் அதிகாரப்பூர்வமாகச் சேர்க்கப்பட்ட கல்லிவாஷ் என்ற மேப் இன்றும் லீக்குகளில் ஆடப்படுகிறது. 2016 ஜூலையில் சன்ஷைன், மெட்டல்வொர்க்ஸ் என்ற மேப்புகள் ஆட்டத்துக்குள் வந்தன என்றால், அதற்கு முன்பே போட்டி அணிகள் அவற்றைப் பலமுறை ஆடிப் பழுது சொல்லித் தேற்றியிருந்தன. அந்தத் தேற்றும் வேலை சீசன் நடுவே நடப்பதில்லை. லீக் புள்ளிகளைப் பணயம் வைத்து, பழகாத மேப்பில் இறங்க எந்த அணித்தலைவரும் சம்மதிக்க மாட்டார். எனவே ஜூலை, ஆகஸ்ட் ஓய்வுக்காலத்தில் பன்னிரண்டு ஐரோப்பிய அணிகளைத் திரட்டி, நான்கு புதிய மேப்புகளுக்காகவே ஆறு வார லீக் ஒன்றை நடத்துவதென்று சென்ற கோடையில் முடிவு செய்தேன்.

அணிகளைப் பதிவு செய்ததும், மேப் வடிவமைப்பாளர்களிடம் அனுமதி பெற்றதும், அட்டவணை போட்டதும் ஒரே வாரத்தில் முடிந்தன. அவற்றில் சொல்ல எதுவுமில்லை. சிக்கல் முதல் ஆட்ட இரவிலேயே தொடங்கியது.

முதல் தவறு முழுக்க என்னுடையது. அணிகளை மிரட்டிவிடக் கூடாது என்று நினைத்து, நான்கு புதிய மேப்புகளோடு ப்ராசஸ், ஸ்நேக்வாட்டர் ஆகிய இரண்டு பழைய மேப்புகளையும் பட்டியலில் வைத்து, வழக்கம்போல் இரு அணித்தலைவர்களும் மாறி மாறி நீக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விதி எழுதியிருந்தேன். அன்று நடந்த ஆறு ஆட்டங்களில் ஐந்து ப்ராசஸில் நடந்தன. ஆறாவது ஸ்நேக்வாட்டரில் நடந்தது. புதிய மேப்புகளைச் சோதிக்கவென்றே கூட்டிய லீக்கில், முதல் வாரம் முழுவதும் ஒருவர்கூட ஒரு புதிய மேப்பில் கால் வைக்கவில்லை. ஆறு வாரத்தில் ஒன்று இப்படிப் போனதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. தேர்வு கொடுத்தால் அணிகள் தெரிந்ததைத்தான் தேர்ந்தெடுக்கும். இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மறுநாளே பழைய மேப்புகளை நீக்கி, வாரத்துக்கு ஒரு புதிய மேப், எல்லா அணிகளும் அதையே ஆட வேண்டும் என்று விதியை மாற்றினேன். ஓர் அணித்தலைவர், "நாங்கள் விடுமுறையில் பயிற்சி எடுக்கத்தான் பதிந்தோம், மேப் கற்றுக்கொள்ள அல்ல" என்று எழுதிவிட்டு அணியோடு விலகினார். அவர் கோபம் நியாயமானதுதான், ஏனெனில் தொடங்கிய பிறகு விதியை மாற்றியது நான். காத்திருப்புப் பட்டியலில் ஓர் அணி இருந்ததால் தப்பினேன். இத்தகைய லீக் நடத்த நினைப்பவர்கள் மேப் தேர்வை அணிகளிடம் விடாமல், பதிவு அறிவிப்பின் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

அதே வாரத்தில் நேரக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. அறிவிப்பில் "இரவு 8 மணி, மத்திய ஐரோப்பிய நேரம்" என்று எழுதியிருந்தேன். கோடையில் நடைமுறையில் இருப்பது மத்திய ஐரோப்பியக் கோடைக்கால நேரம். இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். எழுதியதை எழுதியபடியே கணக்கிட்ட ஒரு பிரிட்டன் அணி, தங்கள் ஊர் நேரப்படி 7 மணிக்கு வர வேண்டியவர்கள் 8 மணிக்கு வந்தார்கள். எதிரணி ஒரு மணி நேரம் சர்வரில் காத்திருந்தது. அதன்பின் எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரத்திலும் சேர்த்தே எழுதினேன்.

இரண்டாம் வாரத்தில் ஊதாவும் கறுப்புமான சதுரங்கள் வந்தன. இந்த ஆட்டம் இயங்கும் சோர்ஸ் எஞ்சின் என்ற மென்பொருளில், மேப் தேடும் டெக்ஸ்சர் (சுவர், கூரைகளின் மேல் ஒட்டப்படும் படம்) கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் ஊதா, கறுப்புக் கட்டங்கள் தெரியும். வடிவமைப்பாளர் தாமே செய்த டெக்ஸ்சர்களை மேப் கோப்புக்குள் பொதிக்க மறந்திருந்தார். அவருடைய கணினியில் அவை தனியாகவும் இருந்ததால் அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தன; ஆடியவர்களுக்கோ நடுப் புள்ளியின் (அணிகள் கைப்பற்றப் போராடும் இடங்களில் நடுவில் உள்ளதன்) கூரை முழுவதும் சதுரங்கம் போலத் தெரிந்தது. அன்று ஆட்டங்கள் நடந்தன, ஆனால் வந்த கருத்துகளில் பாதி அந்தக் கூரையைப் பற்றியே இருந்தன. வடிவமைப்பாளரின் கணினி அல்லாத வேறொரு கணினியில், புதிதாக நிறுவிய ஆட்டத்தில், மேப்பை ஒருமுறை திறந்து சுற்றிவந்த பிறகே அணிகளுக்குக் கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலைதான். அதைச் செய்யாததால் ஓர் இரவின் கருத்துகளில் பாதியை இழந்தேன்.

மூன்றாம் வாரம்தான் என்னை உண்மையில் உடைத்தது. அந்த வாரத்து மேப் சுரங்கப் பின்னணியில் அமைந்த ஐந்து புள்ளி மேப். ஆட்ட நாளன்று மாலை 6 மணிக்கு அதன் வடிவமைப்பாளர் ஒரு கதவின் அருகே வீரர்கள் சிக்கிக்கொள்ளும் பிழையைத் திருத்தி, நல்ல எண்ணத்தோடு, கோப்பை அதே பெயரில் மீண்டும் அனுப்பினார். பெயரில் பி3 என்றிருந்த பதிப்புக் குறி பி3 என்றே இருந்தது. நான் அதை வாடகைச் சர்வர்களில் ஏற்றிவிட்டேன். 8 மணிக்கு எழுபத்திரண்டு பேர் இணைய முயன்றபோது பெரும்பாலானோருக்கு, அவர்களிடம் உள்ள மேப் சர்வரில் உள்ள மேப்பிலிருந்து வேறுபடுகிறது என்ற செய்தி வந்து இணைப்பு அறுந்தது. முந்தின நாளே பதிவிறக்கிப் பழகியவர்களிடம் பழைய கோப்பு இருந்தது, பெயர் ஒன்றாக இருந்ததால் ஆட்டம் புதியதைப் பதிவிறக்கவில்லை. டிஎஃப் கோப்புறைக்குள் இருக்கும் டவுன்லோட், அதற்குள் மேப்ஸ், அங்கே உள்ள கோப்பை அழித்துவிட்டு மீண்டும் இணையுங்கள் என்று ஒவ்வோர் அணிக்கும் எழுதினேன். அழித்துவிட்டு வந்தவர்களுக்கும் அதே செய்தி வந்தது.

அப்போதுதான் சிக்கல் இரண்டு அடுக்கு என்று புரிந்தது. வீரர்கள் பதிவிறக்குவது ஆட்டச் சர்வரிலிருந்து நேரடியாக அல்ல; விரைவுப் பதிவிறக்கத்துக்கென்று தனியே உள்ள இணையச் சர்வரிலிருந்து. நான் வாடகைக்கு எடுத்த சேவையில், ஆட்டச் சர்வரில் ஏற்றும் கோப்பு அந்த இணையச் சர்வருக்குத் தானாக நகலாகும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று நகலாகவில்லை. அங்கே பழைய கோப்பின் சுருக்கப்பட்ட வடிவமும், ஆட்டச் சர்வரில் புதிய கோப்பும் இருந்தன. எத்தனை முறை அழித்துப் பதிவிறக்கினாலும் வீரர்களுக்குக் கிடைத்தது பழையதே. சேவையின் உதவிப் பிரிவுக்கு விவரமாக எழுதினேன். "மேப் சர்வரில் உள்ளது" என்று ஒரு வரி பதிலளித்து விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள். மேப் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை; இரண்டு இடங்களில் இரண்டு வேறு கோப்புகள் இருக்கின்றன என்று எழுதியிருந்தேன். மறுபடியும், இரு கோப்புகளின் அளவையும் குறிப்பிட்டு எழுதினேன். அதே வரி, அதே மூடல். எழுபத்திரண்டு பேர் குரல் அறையில் காத்திருக்கும்போது அந்த ஒற்றை வரியைப் படிப்பது எப்படியிருக்கும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

கோப்பின் பெயரை நானே மாற்றி ஏற்றிவிடலாமே என்று ஒரு வீரர் யோசனை சொன்னார். அப்படிச் செய்யக் கூடாது. கியூப்மேப் எனப்படும் ஒளிப்பிரதிபலிப்புப் படங்களும் அவற்றோடு தொடர்புடைய டெக்ஸ்சர்களும் மேப் கோப்புக்குள் மேப்பின் பெயரைத் தாங்கிய பாதையில்தான் பொதிந்திருக்கும். வெளிப்பெயரை மட்டும் மாற்றினால் அந்தப் பாதைகள் பொருந்தாமல் போய், முந்தின வாரத்துச் சதுரங்கங்கள் திரும்பிவரும். வடிவமைப்பாளரே பி4 என்ற பெயரில் மேப் கோப்பைப் புதிதாகக் கம்பைல் செய்ய (உருவாக்க) வேண்டியிருந்தது. ஒளிக் கணக்கீட்டோடு சேர்த்து அவருடைய கணினியில் அதற்கு நாற்பது நிமிடம் ஆனது. பி4-ஐ ஆட்டச் சர்வரிலும் இணையச் சர்வரிலும் நானே தனித்தனியாக ஏற்றி, 9:50-க்கு முதல் ஆட்டத்தைத் தொடங்கினோம். இரண்டு ஆட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. அந்த இரவு தூங்கும்போது மணி மூன்று.

மறுநாள் காலை மூன்று விதிகள் எழுதினேன். ஞாயிறு நள்ளிரவுக்குப் பிறகு எந்த மேப் கோப்பும் மாறாது, எவ்வளவு பெரிய பிழையாக இருந்தாலும் சரி. ஒரே ஓர் எழுத்து மாறினாலும் பதிப்புப் பெயர் மாற வேண்டும். இணையச் சர்வரில் உள்ள கோப்பை நானே பதிவிறக்கி, அதைக்கொண்டு ஆட்டச் சர்வரில் இணைந்து பார்த்த பிறகே அணிகளுக்கு அறிவிப்பு போகும். அதற்குப் பின் மேப் வேறுபடுகிறது என்ற அந்தச் செய்தி எங்களுக்கு வரவே இல்லை.

மேப்பை ஆட வைத்தாயிற்று. அதைப் பற்றி உருப்படியான கருத்தைப் பெறுவது அதைவிடக் கடினமாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் நிரப்ப ஒரு படிவம் கொடுத்திருந்தேன். "நன்றாக இல்லை", "கடைசிப் புள்ளி மோசம்", "ப்ராசஸே மேல்" என்ற அளவில்தான் பதில்கள் வந்தன. கோடையாதலால் ஒவ்வோர் அணியிலும் ஒருவரோ இருவரோ ஊரில் இல்லாமல், பதிலாட்களை வைத்தே ஆடினார்கள். இரவல் வந்தவர்கள் படிவத்தைத் திறக்கவே இல்லை. மாதக்கணக்காக உழைத்த வடிவமைப்பாளருக்கு இந்த மூன்று சொற்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் வாரத்தில் படிவத்தைக் கைவிட்டேன். ஆட்டத்திலேயே டெமோ (ஆட்டத்தைத் திரும்பப் பார்க்க உதவும் பதிவு) எடுக்கும்போது அந்தக் கணத்தைக் குறித்து வைக்க டிஎஸ்_மார்க் என்றொரு கட்டளை உண்டு. அதை ஏதாவது ஒரு விசையில் பொருத்திக்கொள்ளுங்கள், எரிச்சல் வந்த கணத்தில் அழுத்துங்கள், விளக்கம் எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஆட்டம் முடிந்ததும் டெமோ கோப்பையும் குறிப்புக் கோப்பையும் அனுப்பினால் போதும். இதைச் செய்ய யாருக்கும் சிரமமில்லை, பதிலாட்களும் செய்தார்கள். குறித்த டிக் எண்ணுக்கு, அதாவது பதிவின் அந்தக் கணத்துக்கு, நேராகப் போய்ப் பார்த்தால், அவர்கள் சொல்லத் தெரியாமல் விட்டது கண்முன் இருந்தது. அந்த வாரத்து மேப்பில் ராக்கெட்டை வெடித்துத் தாவிப் போகும் சோல்ஜர் பாத்திரத்தை ஆடிய ஐந்து பேர் ஒரே கம்பத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் முட்டி நின்றிருந்தார்கள். அணியைக் குணப்படுத்தும் மெடிக்குகள் மூவர் குறித்திருந்த இடத்தில், புதருக்குள் டெமோமேன் என்ற வெடிவீரர் வைத்த ஒட்டுவெடிகள் வெளியிலிருந்து தெரியவே இல்லை. இதைப் பார்த்த இரவுதான் இந்த லீக்கில் நான் முதன்முதலாக மகிழ்ந்த இரவு.

இங்கே ஓர் எச்சரிக்கை: சர்வர் தரப்புப் பதிவுகளை வாடகைச் சேவையிடம் விட்டுவைக்காதீர்கள். சில நாள்களில் அவை அழிக்கப்படும் என்பதை நான் கவனிக்காமல், மூன்றாம் வாரத்தின் மூன்று ஆட்டப் பதிவுகளை இழந்தேன். அத்தனை பாடுபட்டு நடத்திய ஆட்டங்களில் பாதி அவை. அதன்பின் ஆட்டம் முடிந்த இரவே எல்லாவற்றையும் என் கணினியில் இறக்கிக்கொண்டேன்.

மிஞ்சிய பதிவுகள் சுரங்க மேப்பைக் காப்பாற்றப் போதுமாக இருந்தன. முப்பது நிமிடம் ஓடிய இரண்டு ஆட்டங்கள் 1–0 என்று முடிந்திருந்தன. எல்லோரும் "கடைசிப் புள்ளி மோசம்" என்றுதான் சொன்னார்கள். ஏன் என்று பதிவைப் பார்த்தே கண்டுபிடித்தோம். கடைசிப் புள்ளிக்குள் நுழைய இரண்டே வழிகள். ஒன்று, காப்பவர்கள் நிற்கும் மேடைக்கு நேர் கீழே. மற்றது நீண்ட நடைபாதை. மெடிக் தரும் யூபர் என்ற தற்காலிகச் சேதமின்மை எட்டு நொடிதான் நீடிக்கும்; நடைபாதையின் தொடக்கத்தில் அதை இயக்கிய அணி புள்ளியை எட்டும்போது இரண்டு நொடிகூட மிஞ்சுவதில்லை. போதாக்குறைக்கு, காப்பவர்கள் இறந்து மீண்டும் பிறக்கும் அறையின் கதவு புள்ளிக்கு மிக அருகில் இருந்தது. மேப்பைக் கட்டியவர் இவற்றையெல்லாம் வெறும் சர்வரில் நடந்து பார்த்திருந்தால் கண்டிருக்க முடியாது. உயிரைக் கொடுத்துக் காக்கும் ஆறு பேர் எதிரே நின்றால்தான் தெரியும். அவர் நடைபாதையைக் குறுக்கி, பிறப்பு அறையின் கதவைப் பின்னுக்குத் தள்ளி, மூன்றாவதாக ஒரு நுழைவும் திறந்தார். ஆறாம் வாரத்தில் எல்லா அணிகளையும் அந்தத் திருத்திய பதிப்பிலேயே ஆடவிட்டேன். 5–3, 4–2 என்று முடிவுகள் வந்தன, 1–0 ஒன்றுகூட இல்லை. முதல் வாரத்தில் ப்ராசஸை விட்டு அசைய மறுத்த ஓர் அணித்தலைவர், அந்த மேப்பில் தனியாகப் பயிற்சி ஆட்டம் ஆட சர்வர் கிடைக்குமா என்று கேட்டு எழுதினார்.

பரிசு கொடுப்பதில் ஒரு சிறு தடங்கல் மட்டும். வென்ற அணிக்கு ஆட்டத்துக்குள் பெட்டிகளைத் திறக்கும் சாவிகளைத் தருவதாக அறிவித்திருந்தேன். ஆட்டத்தை வழங்கும் ஸ்டீம் தளத்தின் கைபேசிப் பாதுகாப்பை நான் என் கணக்கில் இயக்கியிருக்கவில்லை. அதனால் பரிமாற்றம் பதினைந்து நாள் நிறுத்திவைக்கப்பட்டது. ஏமாற்றப்பட்டோமோ என்று வென்றவர்கள் சந்தேகித்தது எனக்கு வருத்தம் தந்தது. லீக் தொடங்கும்போதே இதைச் செய்து வைத்திருக்கலாம். பதினாறாம் நாள் சாவிகள் போய்ச் சேர்ந்தன.

சுரங்க மேப்பின் ஆர்சி1 (இறுதிக்கு முந்தைய) பதிப்பு செப்டம்பரில் வந்தது. மேலும் ஒரு கதவு மாறியிருப்பதாக வடிவமைப்பாளர் எழுதியிருந்தார். நான் முதலில் பார்த்தது கோப்பின் பெயரை, அது மாறியிருந்தது.