பூட் இடது காலில், வலி வலது இடுப்பில்

கடைசிப் படி இறங்கிவிட்டேன் என்று நினைத்துக் கால் வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. இடது பாதத்தில், சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் ஐந்தாவது மெட்டாடார்சல் எலும்பில் விரிசல். எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டு வேண்டாம், அதற்குப் பதில் பாதத்தை அசையாமல் பிடிக்கும் வாக்கிங் பூட் போட்டு ஊன்றி நடக்கலாம், 6 வாரம் என்று டாக்டர் சொன்னது வரை ஒரே காலையில் முடிந்தது.

பூட் மாட்டிவிட்டவர் என்னை உட்காரவைத்தே மாட்டினார். வெல்க்ரோ பட்டைகளைச் சர்சர்ரென்று இழுத்து ஒட்டி, "பழகிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எழுந்து நாலடி நடந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் குதிகாலில் கொப்புளம். சைஸ் தப்பு என்று நானே முடிவுகட்டி, நொண்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறொரு பெண் வந்து பார்த்தார். சைஸ் சரிதான். குதிகால்தான் பின்சுவரில் முட்டாமல் ஒரு விரல் தள்ளி நின்று, ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்கி உரசியிருக்கிறது.

முழங்காலை மடக்கி உட்கார்ந்து, குதிகாலைப் பின்னுக்கு நன்றாகத் தள்ளிவிட்டு, விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் பட்டை போட வேண்டுமாம். நான் மூன்று நாளும் மேலிருந்து கீழே போட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல முதல் நாளே ஒரு நிமிடம் போதாதா? விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ பட்டையைத் தளர்த்த வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

ஆனால் அவரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: மற்றக் கால். பூட்டின் அடிப்பாகம் தடிமன். வலது காலில் நான் போட்டிருந்ததோ தட்டைச் செருப்பு. இரண்டாம் வாரம் இடுப்பும் முதுகும் பிடித்துக்கொண்டன. விரிசலைவிட அந்த வலிதான் தூங்கவிடவில்லை. பிசியோதெரபிஸ்டான தோழிக்குப் போன் செய்தேன். நான் புலம்பி முடிப்பதற்குள், "இன்னொரு கால்ல என்ன போட்டிருக்க?" என்று கேட்டாள்.

பூட்டோடு கண்ணாடி முன் நின்று, வெறும் வலது காலுக்கு அடியில் ஒவ்வொரு நோட்டாக அடுக்கினேன். இடுப்பு இரண்டு பக்கமும் மட்டமானபோது நான்கு நோட்டு சேர்ந்திருந்தது. அந்த உயரத்துக்குத் தடித்த அடி உள்ள ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். இடது ஷூ டப்பாவிலேயே கிடந்தது. இருக்கும் ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் உயர்த்தியும் கிடைக்கிறது. இரண்டே நாளில் இடுப்பு வலி பாதியானது. பூட் வாங்கும் அன்றே இதையும் பார்த்துவிடுங்கள்.

துணி விஷயத்திலும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒட்டின ஜீன்ஸ் பூட்டுக்கு மேலே ஏறாது. உள்ளே திணித்தால் தையல் மடிந்து தோலில் அழுந்தும். அகலமான கால்சட்டையும் நீளப் பாவாடையும்தான் என்னைக் காப்பாற்றின. அதுவும் கறுப்பிலோ கருநீலத்திலோ போட்டால் பூட் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிவதில்லை. அழகாக இருக்கட்டும் என்று பட்டையைச் சுற்றி ஸ்கார்ஃப் கட்டிப் பார்த்தேன். அது அவிழ்ந்து காலுக்கடியில் போய், இன்னொரு எலும்பு முறியாதது அதிர்ஷ்டம். போதாததற்கு, திறந்து கிடந்த வெல்க்ரோ பின்னல் ஸ்வெட்டர் ஒன்றைக் கவ்வி நூலை உருவிவிட்டது. கழற்றியதும் பட்டையைத் தன்மீதே மடித்து ஒட்டிவிடுங்கள். முள்ளில் சேரும் முடியையும் பஞ்சையும் பழைய டூத்பிரஷால் தேய்த்து எடுக்காவிட்டால் பிடிப்பு போய்விடும்.

உள்ளே இருக்கும் மெத்தை உறை வியர்வையில் நாறத் தொடங்கியதும், ஒரு ராத்திரி கையால் துவைத்துப் போட்டேன். காலையில் சொதசொதவென்று இருந்தது. அன்று வேலைக்குப் போகவில்லை. ஒரு மாற்று உறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் வெளியே போகாத நாளில் துவையுங்கள், அதுவும் உட்கார்ந்திருக்கும்போது பூட்டைக் கழற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும். முழங்கால் வரை வரும் தையலில்லாத சாக்ஸ் போட்டால் நாற்றமும் உரசலும் குறையும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பூட் முதலில். மாலையில் பாதம் வீங்கினால் படுத்து, தலையணை வைத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். கெண்டைக்காலில் வலியோடு வீக்கமும் சூடும் வந்தால் மட்டும் இப்படிக் காத்திருக்க வேண்டாம். ரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

ஐந்தாம் வாரம் அலுவலகத்தில் எல்லோரும் நின்று படம் எடுத்தோம். கறுப்புக் கால்சட்டையில் நானும் நின்றேன். படத்தைப் பார்த்த அக்கா, "பூட் எப்போ கழட்டினாங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டேன்.

இப்போது உண்மையாகவே கழற்றியாயிற்று. டப்பாவிலிருந்து இடது ஷூவை எடுத்து வலதின் பக்கத்தில் வைத்தால் ஒன்று அடி தேய்ந்து அழுக்கேறிக் கிடக்கிறது, மற்றது கடை வாசனைகூடப் போகாமல் புத்தம்புதிதாக இருக்கிறது.