தலைத்துணியும் சாட்சிக் கூண்டும்

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கோர்ட்டுக்கு வருவதென்றால் கோயிலுக்குப் புறப்படுவதுபோலத்தான் புறப்படுவார்கள். விடியுமுன் குளித்து, திருநீறு பூசி, பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியைக் கட்டி, மேலே ஒரு பழைய கோட்டும் தலையில் ஒரு துண்டுமாக முதல் பஸ்ஸைப் பிடித்து ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ வந்து சேருவார்கள். இளைஞர்களிடம் இந்தக் கோலம் போய்விட்டது. வயதானவர்களிடம் இன்னும் இருக்கிறது. இலங்கை மலையகத்து நீதிமன்றங்களில் சட்டத்தரணியாக வேலை செய்யும் எனக்கு, ஒருவர் உடுத்தி வந்திருப்பதைப் பார்த்தாலே அவர் இந்த இடத்தை எவ்வளவு மதிக்கிறார் என்று தெரிந்துவிடும். அப்படி மதிப்போடு வருகிறவரைத்தான் வாசலில் நிறுத்தி, "அதைக் கழற்று" என்கிறார்கள்.

நீதிமன்றத்துக்கு ஒழுங்கு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. சட்டத்தரணிக்குரிய சேலை உடை இல்லாமல் நான் எழுந்து பேச முடியாது. நுவரெலியா மழையில் சேலைக் கரை முழங்கால்வரை நனைந்தாலும் அதுதான் எங்கள் உடை. ஆனால் எங்களுக்கான விதி எழுத்தில் இருக்கிறது. சாட்சி சொல்ல வருபவருக்கும், பிணை நிற்க வருபவருக்கும், சும்மா உறவுக்காரனின் வழக்கைப் பார்க்க வருபவருக்கும் உள்ள விதி பெரும்பாலும் வாசலில் நிற்கும் பொலிஸ்காரரின் வாயில்தான் இருக்கிறது. அவர் ஒரு பையனின் கிரிக்கெட் தொப்பியைக் கழற்றச் சொல்கிறார், சரி. அடுத்து வரும் முஸ்லிம் பெரியவரின் தொப்பிக்கும் அதே சொல். அப்புறம் ஒரு பெண்ணின் முக்காடு, அப்புறம் கிழவரின் தலைப்பாகை. நாலையும் ஒன்றாகத்தான் பார்க்கிறார்.

நான் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் பயிற்சியில் இருந்த காலத்தில் ஓர் அடிதடி வழக்கு வந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நடந்த சண்டை. அதைக் கண்ணால் பார்த்த சாட்சி ஒரு வயோதிபர், தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலை செய்து ஓய்ந்தவர். எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து நடந்ததை அச்சுப்போல் சொன்னார். "கத்திய ஓங்கினது யாருன்னு நல்லா பார்த்தேங்க மிஸ். லைட்டு எரிஞ்சிச்சு. மூஞ்சி தெரிஞ்சிச்சு." எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பேச்சு.

வழக்கு நாளன்று வாசலில் அவருடைய தலைப்பாகையை அவிழ்க்கச் சொன்னார்கள். அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. அவிழ்த்து, நாலாக மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இடுக்கியதுமே முதுகு வளைந்துவிட்டது. கூண்டில் ஏறியும் அந்த வளைவு நிமிரவில்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, "அன்றைக்கு இருட்டுத்தானே?" என்றார். "ஆமாங்க." "முகம் சரியாகத் தெரிந்திருக்காதே?" "ஆமாங்க." "யாரோ சொன்னதைக் கேட்டுத்தானே பெயர் சொன்னீர்கள்?" "ஆமாங்க." ஓரிடத்தில் நீதவானைப் பார்த்து, "தொரைங்களே" என்று கும்பிட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானார். வெளியே வந்த பெரியவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, "லைட்டு எரிஞ்சிச்சு மிஸ், நான் பார்த்தேனே" என்றார், அலுவலகத்தில் பேசிய அதே குரலில்.

துணியை அவிழ்த்ததால்தான் சாட்சி கெட்டது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நான் அதை நம்புகிறேன். தோட்டத்துப் பாதையில் தோட்ட அதிகாரியான துரை எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்து, குனிந்து, கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்ல வேண்டும் என்று பழக்கப்பட்ட தலைமுறை அது. கோட்டும் தலைப்பாகையும் ஆட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணிக்கு உரிய கௌரவம். என் தாத்தாவும் துரைக்கு முன்னால் அப்படி நின்றவர்தான். ஓய்வுபெற்ற பிறகு, யார் முன்னாலும் கழற்ற வேண்டியதில்லை என்று அந்தப் பெரியவர் கட்டிக்கொண்ட துண்டை நீதிமன்றம் அவிழ்க்கச் சொன்னால், அவர் உடம்பு பழைய இடத்துக்குப் போய்விடாதா? உண்மையைச் சொல்லக் கூப்பிட்டவரை ஆமாம் போடும் நிலைக்கு நாமே தள்ளிவிடுகிறோம்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பாலசுந்தரம் ஞாபகம் வரும். 1893இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், டர்பன் நீதிமன்றத்தில் நீதவான் தலைப்பாகையை எடுக்கச் சொன்னபோது காந்தி மறுத்து வெளியேறியதைப் பலர் அறிவார்கள். அடுத்த ஆண்டு அதே ஊரில், முதலாளியிடம் அடி வாங்கி முன்பற்கள் உடைந்து, வாயில் இரத்தத்தோடு அவரிடம் வந்த ஒப்பந்தக் கூலி ஒரு தமிழர். அவர்தான் பாலசுந்தரம். தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். காந்தி அவரை அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கடல் கடந்துபோன நம் ஆட்களுக்கு நேட்டாலிலும் இங்கேயும் பழக்கிய பாடம் ஒன்றுதான். அதே 1894இல் நேட்டால் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்தபோது, பிரதம நீதியரசர் சொன்னதன்பேரில் காந்தியே தலைப்பாகையை எடுத்தார். இதைவிடப் பெரிய விஷயங்களுக்குப் போராட வேண்டியிருந்தது என்பது அவர் எண்ணம். எனக்கு அந்த முடிவில் முழு உடன்பாடு இல்லை. அவருக்கு எடுக்கவும் கட்டவும் தெரிவு இருந்தது, பாலசுந்தரத்துக்கு இருக்கவில்லை.

நம் நாட்டிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. 1905இல் எம். சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் சட்டத்தரணி துருக்கித் தொப்பியோடு உயர்நீதிமன்றத்தில் எழுந்து நின்றபோது, பிரதம நீதியரசர் லேயார்ட் அதை அனுமதிக்கவில்லை. அப்துல் காதர் தொப்பியைக் கழற்றவுமில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். பிறகு அனுமதி கிடைத்தது. அந்தத் தொப்பி இங்கே பரவியதற்குக் கண்டியோடும் ஒரு தொடர்பு உண்டு. ஆங்கிலேயர் 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்திக் கொண்டுவந்த கிளர்ச்சித் தலைவர் அராபி பாஷா கண்டியிலும் வாழ்ந்தார். அவரைப் பார்த்துத்தான் இலங்கை முஸ்லிம்கள் பலர் அதை அணியத் தொடங்கினார்கள் என்பார்கள். எங்கள் கண்டிச் சட்டத்தரணிகளில் மூத்தவரான சித்திலெப்பை அவருடைய நெருங்கிய நண்பர். நூறு வருடத்துக்கு முன்பே பேசித் தீர்த்த விஷயத்தை வாசலில் நிற்பவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இது வேறு முகம் எடுத்தது. ஏப்ரல் 29ஆம் திகதி அவசரகால விதியின் கீழ் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது. தடை முகத்துக்குத்தான், தலைக்கு அல்ல. ஆனால் அரச அலுவலகங்களில், ஆஸ்பத்திரிகளில், கடைகளில்கூட முக்காடு போட்ட பெண்கள் நிறுத்தப்பட்டார்கள். மே மாத இறுதியில் வந்த 13/2019 இலக்கச் சுற்றறிக்கை, அரச அலுவலகங்களில் வேலை செய்யும் பெண்கள் சேலை அல்லது கண்டியச் சேலைதான் உடுத்த வேண்டும் என்றது. எதிர்ப்பு வந்ததும் அதைத் திருத்தினார்கள்.

அந்த மாதங்களில் ஒரு நாள், தம்பிக்குப் பிணை நிற்க வந்த ஒரு முஸ்லிம் அக்காவை, அவர் மகளை, இன்னும் சிலரை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். மகளுக்கு முகம் முழுதாகத் தெரிகிறது, காதும் கழுத்தும் மட்டும் மூடியிருக்கிறது. "எடுத்துட்டுப் போங்க, இப்ப சட்டம்" என்றார் காவலில் நின்றவர். அந்தப் பிள்ளை அழவில்லை, வாதாடவில்லை, சுவரோரமாய் ஒதுங்கி நின்றது. பிணையாளி உள்ளே போகாவிட்டால் தம்பி விளக்கமறியல் சிறைக்குத் திரும்ப வேண்டும். நான் காவலில் நின்றவரோடு வாசலில் பேசாமல், வழக்கு கூப்பிடும்வரை காத்திருந்து, திறந்த மன்றில் எழுந்து நீதவானிடமே சொன்னேன். அவர், "முகம் தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டார். தெரிகிறது என்றேன். "பிறகென்ன, வரச் சொல்லுங்கள்" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

முகம் தெரிவதற்குக் காரணம் உண்டு. கையெழுத்து வைப்பவர் இவர்தானா என்று அடையாள அட்டையோடு ஒப்பிட வேண்டும். சாட்சியின் முகபாவத்தை நீதிபதி பார்க்க வேண்டுமா என்பதுகூட எளிதான கேள்வி இல்லை. 2012இல் கனடா உச்ச நீதிமன்றம் முகத்திரை அணிந்த ஒரு பெண்ணின் சாட்சியம் பற்றிய வழக்கில், எப்போதும் சரி என்றோ எப்போதும் தவறு என்றோ சொல்லாமல், வழக்குக்கு வழக்கு எடைபோடச் சொன்னது. தலைமுடியை மூடுவதில் அப்படி எடைபோட எதுவுமே இல்லை. 2015இல் மொன்றியலில் ஒரு நீதிபதி, பறிமுதலான காரைத் திரும்பக் கேட்டு வந்த பெண்ணிடம் முக்காட்டை எடுத்தால்தான் வழக்கைக் கேட்பேன் என்றார். 2018இல் கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தது. மூன்று வருடம் போனது.

"மதத்தை வெளியே வைத்துவிட்டு வரட்டும்" என்று எங்களிலேயே சிலர் சொல்வார்கள். கூண்டில் ஏறியதும் சாட்சியிடம் நாம் கேட்பதே மதத்தைத்தானே? 1895ஆம் ஆண்டின் சத்தியம், உறுதியுரைச் சட்டத்தின்படி கிறிஸ்தவர் பைபிளில் சத்தியம் செய்கிறார், பௌத்தரும் இந்துவும் முஸ்லிமும் உறுதியுரை சொல்கிறார்கள். வாய்க்கு வேண்டிய மதம் தலையில் இருக்கக் கூடாதா? அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மதச் சுதந்திரத்தையும், 14(1)(உ) அதை வழிபாட்டிலும் அனுசரிப்பிலும் வெளிப்படுத்தும் உரிமையையும் தருகிறது. அந்தப் பெரியவரின் தலைப்பாகை மதம் சார்ந்ததல்ல, இந்த உறுப்புரைகள் அவருக்கு உதவாது. அவருக்காக நான் கேட்பது வேறு. பயமில்லாமல் பேச விடுவது நீதிமன்றத்துக்கே வேண்டியது.

இப்போதெல்லாம் சாட்சியோடு பேசும்போதே, தலையில் என்ன கட்டி வருவீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட ஐயப்ப சாமிமார் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக வருவார்கள் என்றால் அதையும் குறித்துக்கொள்வேன். வாசலில் பிரச்சினை வந்தால் கழற்ற வேண்டாம், எனக்கு ஆள் அனுப்புங்கள் என்பேன். வாசலில் சொல்வது எந்த ஏட்டிலும் ஏறாது, அதை எதிர்த்து மேன்முறையீடும் கிடையாது. திறந்த மன்றில் எழுந்து சொன்னால் வழக்கேட்டில் பதிவாகும், மறுத்தாலும் காரணம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துச் சட்டத்தரணிகள் சிலர் சேர்ந்து, முகம் தெரிந்தால் போதும் என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய ஒரு பலகையை வாசலில் வைக்கக் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த தவணைக்குப் போகும்போது பதிவாளரிடம் நேரில் கேட்கப்போகிறேன்.