பிராக்கு

நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். முன்பென்றால் கத்தரிக்கோலை எறிந்துவிட்டு அழுதிருப்பேன். நேற்று எழும்பிக் கிணற்றடி வரைக்கும் நடந்துவிட்டு வந்து, மிச்சத் துணியில் இன்னொரு கை வெட்டினேன்.

கிளிநொச்சியில் வீட்டோடு சேர்த்துத் தையல் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எல்லாருக்கும் நான் 'பிராக்குப் பார்க்கிறவள்'. இது ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு என்று ஒரு வைத்தியர் சொன்னபோது எனக்கு வயது 33. அவர் உடனே சொல்லிவிடவில்லை. போரைக் கண்ட மனமும் இப்படித்தான் ஓடும் என்பதால், 12 வயதுக்கு முன்பே நான் இப்படியா என்று அம்மாவிடம் நெடுநேரம் விசாரித்தார். மாத்திரை தந்தார், இப்போதும் எடுக்கிறேன். தியானத்துக்காக அதை நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள்.

தியானம் முதலில் எனக்குச் சரிவரவில்லை. கண்ணை மூடி இருபது நிமிடம் இருக்கச் சொன்னார்கள். மூன்றாம் நிமிடமே, போரின் கடைசி மாதங்களில் நாங்கள் இருந்த மாத்தளன், 2009, பங்கருக்குள் மணல் கொட்டுகிற சத்தம். எழும்பிவிட்டேன். வன்னியில் கண்ணை மூடப் பயப்படுகிறவள் நான் மட்டுமல்ல.

அப்புறம்தான் லிடியா சிலோவ்ஸ்கா என்ற மனநல வைத்தியரைப் பற்றி வாசித்தேன். அமெரிக்காவில், ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களையும் பதின்ம வயதினரையும் எட்டு வாரம் தியானம் பழக்கிப் பார்த்து, 2008இல் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் ஐந்து நிமிட இருப்புத்தான். இருக்க முடியாதவர்கள் நடக்கலாம். பலருக்குக் கவனம் கொஞ்சம் தேறியது. ஆனால் சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. எனக்கு அந்த 'நடக்கலாம்' போதுமாக இருந்தது.

குசினி வாசலிலிருந்து கிணற்றடிக்கு 26 அடி வைக்க வேண்டும். கண் திறந்தபடி, வெறுங்காலோடு, பாதம் மண்ணில் படுவதை மட்டும் கவனிப்பேன். ஒன்பதாம் அடியில் மனம் மின்சார பில்லுக்குப் போய்விடும். போனது தெரிந்ததும் திட்டாமல் காலுக்குக் கூட்டிவருவேன். மனம் போகாமல் இருப்பதல்ல, இந்தக் கூட்டிவருவதுதான் பயிற்சி என்று விளங்க எனக்குப் பல மாதம் பிடித்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் திட்டித்தான் என்னைத் திருப்பியிருக்கிறார்கள்.

இப்போது பின்னேரங்களில் என் ஆறு வயது மகளும் பின்னால் வருகிறாள்.

"அம்மா, மண் சுடுது."

"எவ்விடத்தில சுடுது பிள்ளை?"

நின்று, யோசித்து, "குதிக்காலில" என்றாள்.